வாடை இல்லாத மீன்

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. உலைக்கு அரிசி அளந்து போடச் சொன்னார். அரிசி டின்னுக்குள் கையை விட்டபோது மாத்திரை அட்டைகள் தட்டுப்பட்டன. எடுத்து எண்ணினோம். பத்து அட்டைகள். ஐந்து, இரவில் போட வேண்டிய கொழுப்பு மாத்திரை. ஐந்து, ஆஸ்பிரின். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஐம்பது நாள் மருந்து அரிசிக்குள் கிடந்தது.

பெரியம்மா துப்புரவுப் பணியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வயது 63. பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து இந்த இரண்டு மாத்திரையும் அவர் சாகும்வரை போட வேண்டியவை என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஏன் பெரிம்மா இதெல்லாம் போடல?" என்று கேட்டோம்.

அவர் டிவி பெட்டிமேல் இருந்த டப்பாவைக் காட்டினார். உள்ளே தேன் நிறத்தில் பளபளவென்று மாத்திரைகள். "மீன் எண்ணெய்ப்பா. இதப் போட்டா அடைப்பு தானா கரையுமாம். ரத்தத்த இதுவே நீர்க்க வச்சிடுமாம். ரெண்டும் சேர்த்துப் போட்டா ஒடம்புக்கு ஆவாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அதான் ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன்."

ஒரு டப்பா 1,800 ரூபாய். அறுபது மாத்திரை, தினமும் இரண்டு, ஒரு மாதத்துக்கு. 'மூன்று மாதக் கோர்ஸ்' என்று சொல்லி இரண்டு டப்பா விற்றாகிவிட்டது. இரண்டாவது டப்பாவுக்குத் தண்டல்காரரிடம் கடன் வாங்கியிருந்தார்.

எங்களுக்கு வந்த கோபம் முதலில் விற்ற பெண்மேல்தான். ஆனால் அடுத்து பெரியம்மா சொன்னதைக் கேட்டதும் பேச்சு அடங்கிவிட்டது. "நீங்கதானே போன வருஷம் கூட்டத்துல சொன்னீங்க? மீன்ல ஒமேகா இருக்கு, நெஞ்சுக்கு நல்லதுன்னு."

சொன்னோம். கடலூர் பக்கம் காலனியில் மாலைப் படிப்பு மையம் நடத்துகிற நாங்கள் மூன்று பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். மீன் நல்லது என்றோம். எவ்வளவு, எதற்கு, யாருக்கு என்று சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது. சமூகவியலில் முதுகலை, சமூகப் பணியில் பத்து வருடம் எல்லாம் இருந்தும், ஒரு மாத்திரை டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரியாதவர்களாகத்தான் அன்றைக்கு அந்த வீட்டில் நின்றோம். அதன் பிறகு படித்தோம், மருத்துவர்களிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். இதே டப்பா உங்கள் வீட்டு டிவி பெட்டிமேலும் இருக்கலாம்.

*

முதலில், பெரியம்மா ஏன் மாத்திரைக்குப் போனார்? அவர் மீன் தின்னாதவர் அல்ல. துறைமுகத்திலிருந்து அலுமினியக் கூடையில் வரும் மத்தியைக் கூறு கட்டி வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பதில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் போன வருடம் மகனுக்கு டவுனில் வேலை கிடைத்து, அங்கே ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனார்கள். ஏழு வீடு ஏறி இறங்கிய பிறகு கிடைத்த வீடு. ஏழிலும் முதல் கேள்வி வாடகையைப் பற்றி இல்லை, "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். எட்டாவது வீட்டுக்காரம்மா அதைக் கேட்கவில்லை. "கவுச்சி சமைக்கக் கூடாது, மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றார். கேள்வி வேறு, தேடுகிற பதில் ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் தலைக்குமேல் கூரை வேண்டுமே. ஒத்துக்கொண்டு போனார்கள்.

அன்றோடு பெரியம்மா மீன் குழம்பு வைப்பது நின்றது. காலனி வீட்டுக்கு வரும்போது மட்டும்தான் மீன். ஒருநாள் வீட்டுக்காரம்மாதான் மாடியேறி வந்து, தன் வீட்டில் இருக்கும் மீன் எண்ணெய் டப்பாவைப் பற்றிச் சொல்லி, விற்கிற பெண்ணையும் அனுப்பி வைத்தாராம். "நீங்க மீன் சாப்பிட்டுப் பழகினவங்க, இதப் போடுங்க. வாடையே வராது."

மீன் அதே மீன்தான். கூடையில் வந்தால் தீட்டு, டப்பாவில் வந்தால் ஆரோக்கியம். அந்த டப்பாவின் ஓரத்தில் அசைவம் என்பதைக் காட்டும் பழுப்பு நிற முக்கோணம் அச்சிடப்பட்டிருக்கிறது. மேலுறை ஜெலட்டின். அதுவும் விலங்கிலிருந்தோ மீனிலிருந்தோ எடுப்பதுதான். வீட்டுக்காரம்மா அதைப் பார்க்கவில்லை. நாங்களும் சொல்லிக் காட்டப் போகவில்லை.

விற்ற பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் சுயஉதவிக் குழுப் பெண்தான். சங்கிலி முறை வியாபாரத்தில் சேர்ந்து, முன்பணம் கட்டிச் சரக்கு எடுத்து வைத்திருக்கிறார். விற்காவிட்டால் நட்டம் அவருக்கு. பெரியம்மா வீட்டில் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து, டீ குடித்து, "அம்மா அம்மா" என்று பேசிப் படம் காட்டி விளக்கியிருக்கிறார். மருத்துவமனை வரிசையிலோ பெரியம்மாவுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். "இந்தாம்மா, அடுத்த மாசம் வா." இலவசமாக, வரிசையில் நின்று, அதட்டலோடு வாங்கிய மாத்திரையைவிட, காசு கொடுத்து, மரியாதையோடு வாங்கிய மாத்திரைக்கு மதிப்பு அதிகமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் உயிரைக் காப்பது அரிசி டின்னுக்குள் கிடந்ததுதான்.

*

இனி டப்பாவுக்கு வருவோம்.

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'மீன் எண்ணெய் 1000 மி.கி.' என்று இருக்கும். இது ஒரு மாத்திரையில் இருக்கும் மொத்த எண்ணெயின் எடை. நமக்கு வேண்டியது அது அல்ல. மீன் எண்ணெயில் பயன் என்று எதைச் சொல்கிறார்களோ, அது இரண்டு கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. ஒன்று இ.பி.ஏ., மற்றது டி.எச்.ஏ. இரண்டின் அளவும் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ஊட்டச்சத்துக் கட்டத்துக்குள் இருக்கும்.

பெரியம்மாவின் டப்பாவில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருந்தது. கூட்டினால் 300 மி.கி. அதாவது ஆயிரத்தில் முந்நூறுதான் சரக்கு, மீதி எழுநூறும் மற்ற கொழுப்பு. கடையில் கிடைக்கும் சாதாரண மீன் எண்ணெய் மாத்திரைகளில் பலவும் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. செறிவூட்டியது என்று விற்பவற்றில் ஒரு மாத்திரைக்கு 500 அல்லது அதற்குமேல் இருக்கும். ஆகவே மாத்திரை வாங்குவதில் முதல் பாடம்: முன்பக்கத்து எண்ணை மறந்துவிடுங்கள், பின்பக்கத்து இரண்டு எண்களைக் கூட்டுங்கள். இரண்டையும் தனித்தனியே போடாமல் 'ஒமேகா 3' என்று மட்டும் பொதுவாகப் போட்டிருந்தால் அந்த டப்பா வேண்டாம். 'ஒமேகா 3-6-9' என்பதும் தேவையில்லை. ஆறும் ஒன்பதும் நம் சமையல் எண்ணெயிலேயே ஏராளமாக இருக்கின்றன.

கட்டத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: அந்த அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டு மாத்திரைக்கா? சில டப்பாக்களில் இரண்டு மாத்திரைக்கான அளவைப் போட்டுவிட்டு, ஒன்றுக்கானது போலத் தோன்றும்படி விட்டிருப்பார்கள்.

அடுத்தது அளவு. எவ்வளவு போட வேண்டும் என்ற கேள்விக்கு முன், எதற்குப் போடுகிறோம் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பதிலைப் பொறுத்து அளவு பதினாறு மடங்கு வரை மாறுகிறது.

பொதுவான ஊட்டத்துக்கு என்றால், உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் 2008இல் கூட்டிய நிபுணர் குழு பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 250 மி.கி. இ.பி.ஏ., டி.எச்.ஏ. சேர்த்துப் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 300 மி.கி., அதில் 200 டி.எச்.ஏ. வாரம் இரண்டு நாள் நல்ல கொழுப்புள்ள மீன் தின்றாலே பொதுவான அளவு கிடைத்துவிடும். அப்படித் தின்கிறவர்களுக்கு இதற்காக மாத்திரை தேவையில்லை.

ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் அளவு வேறு: நாளொன்றுக்கு 4 கிராம் வரை. இந்த அளவில் ட்ரைகிளிசரைடு 20 முதல் 30 சதவீதம் வரை குறையும் என்பது நன்றாக நிறுவப்பட்டது. ஆனால் பெரியம்மாவின் மாத்திரையில் 4 கிராமை எட்ட வேண்டுமானால் தினமும் பதின்மூன்றுக்கு மேல் விழுங்க வேண்டும். இது கடை டப்பாவால் செய்கிற வேலை இல்லை. மருத்துவர் சீட்டின்படி, ரத்தப் பரிசோதனையோடு, அதற்கென்று இருக்கும் செறிவான மருந்தால் செய்வது.

பெரியம்மாவிடம் சொல்லி விற்றது மூன்றாவது காரணம்: அடைப்பைக் கரைப்பது, மாரடைப்பைத் தடுப்பது. மீன் எண்ணெய் போட்டால் இதயக் குழாய் அடைப்பு கரைந்துவிடும் என்று எந்த அளவுக்கும் நிரூபணம் இல்லை.

மாரடைப்பைத் தடுக்குமா என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் மீனும் கடல் விலங்குகளுமாகத் தின்கிறார்கள், அவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1970களில் டென்மார்க் ஆய்வாளர்கள் எழுதியதில் இந்த ஆர்வம் தொடங்கியது. 1999இல் இத்தாலியில், மாரடைப்பு வந்து பிழைத்த 11,324 பேரிடம் நடந்த ஆய்வில், நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் ஒமேகா 3 எடுத்தவர்களிடம் இறப்பு குறைந்தது. இதை வைத்துத்தான் உலகம் முழுக்க மீன் எண்ணெய் வியாபாரம் பெருகியது. ஆனால் அந்தக் காலத்தில் ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மாத்திரை பரவலாகவில்லை. ஸ்டாட்டின் பழக்கத்துக்கு வந்த பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பயன் தென்படவில்லை. 2018இல் வெளியான 'அசெண்ட்' ஆய்வு சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரை ஏழு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தது. பாதிப் பேருக்குத் தினமும் 840 மி.கி. ஒமேகா 3 உள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெய் நிரப்பிய மாத்திரை. கடுமையான இதய, ரத்தக்குழாய் பாதிப்பு வந்தவர்கள் ஒரு பக்கம் 8.9 சதவீதம், மறுபக்கம் 9.2 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது.

இதற்கு விலக்காக ஓர் ஆய்வு உண்டு. இ.பி.ஏ. மட்டும் உள்ள, தினம் 4 கிராம் அளவிலான ஒரு மருந்தை, ஏற்கெனவே ஸ்டாட்டின் போட்டும் ட்ரைகிளிசரைடு உயர்ந்தே இருந்த 8,179 பேருக்குக் கொடுத்தபோது பாதிப்பு கால் பங்கு குறைந்தது. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே மறுபக்கத்தின் முடிவைக் கெடுத்திருக்கலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டு அமிலமும் சேர்ந்த மருந்தை அதே 4 கிராம் அளவில் 13,078 பேருக்குக் கொடுத்த இன்னோர் ஆய்வில் பயன் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அவை எல்லாம் மருந்துகள். ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தவை, ஸ்டாட்டினுக்குப் பதிலாகக் கொடுத்தவை அல்ல.

அரிசி டின்னுக்குள் கிடந்த மாத்திரையின் கணக்கு இது: கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். சுமார் 39 புள்ளி குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது. விலை: அரசு மருத்துவமனையில் இலவசம்.

*

இதையெல்லாம் கேட்ட பிறகும் மீன் எண்ணெய் வேண்டும் என்பவர்கள் உண்டு. மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள், எங்கள் பெரியம்மாபோல் வீட்டில் மீன் வைக்க முடியாதவர்கள், மருத்துவர் சொல்லி வாங்குகிறவர்கள். அவர்கள் தரத்தை எப்படிப் பார்ப்பது?

மீன் எண்ணெய் சீக்கிரம் கெடும். காற்றும் வெயிலும் சூடும் பட்டால் சிக்குப் பிடித்துவிடும். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒரு மாத்திரையைக் கத்தியால் கீறி, எண்ணெயை முகர்ந்து, நாக்கில் ஒரு சொட்டு வையுங்கள். லேசான மீன் மணம் இருந்தால் சரி. பழைய பெயிண்ட் மாதிரியோ, மாதக்கணக்கில் மூடி வைத்த எண்ணெய்ச் சட்டி மாதிரியோ சிக்கு வாடை அடித்தால் கெட்டுப்போனது. எலுமிச்சை, ஆரஞ்சு மணம் சேர்த்த மாத்திரையில் இந்தச் சோதனை பலிக்காது. அந்த மணம் வாடையை மறைத்துவிடும்.

பெரியம்மாவின் மாத்திரையைக் கீறிப் பார்த்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தோம். ஜன்னல் வெயிலில், சூடேறும் டிவி பெட்டிமேல் ஒரு மாதம் இருந்த டப்பா. அதற்குமுன் விற்பவர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எத்தனை மாதம் இருந்ததோ. "வாடையே வராதுன்னு சொன்னாங்களே" என்றார் பெரியம்மா. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கெட்டுப்போன அளவை ஆய்வுக்கூடத்தில் எண்ணாகவும் அளக்கிறார்கள். பெராக்சைடு எண் 5க்குள், அனிசிடின் எண் 20க்குள், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் 'டோடாக்ஸ்' 26க்குள் இருக்க வேண்டும் என்பது ஒமேகா 3 தொழில்துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட வரம்பு. நல்ல நிறுவனங்கள் இந்த எண்களையும், பாதரசம், ஈயம் போன்றவற்றின் அளவையும் தொகுதி எண்வாரியாக வெளியிடுகின்றன. 'ஐஃபாஸ்' போன்ற வெளிச் சோதனைத் திட்டங்களின் முத்திரை இருந்தால், அந்தத் தொகுதியின் அறிக்கையை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். கேட்டும் அறிக்கை தராதவர்களிடம் வாங்க வேண்டாம்.

நம் நாட்டில் இவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின்கீழ் வருகின்றன. 14 இலக்க உரிம எண் டப்பாவில் இருக்க வேண்டும். துணை உணவாக விற்கும் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். பெரியம்மாவின் டப்பாவிலும் அது இருந்தது. அடைப்பைக் கரைக்கும் என்று வாயால் சொல்லி விற்றவர்கள், அப்படி இல்லை என்று எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், கைநாட்டு வைக்கிற ஒரு பெண்மணியிடம்.

இன்னும் சில. 'மீன் எண்ணெய்' வேறு, 'மீன் ஈரல் எண்ணெய்' வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி உண்டு. வைட்டமின் ஏ அளவு மீறினால் ஈரலுக்கும் எலும்புக்கும் கேடு, கர்ப்பிணிகளின் கருவுக்கும் ஆபத்து. ஆகவே ஒமேகா 3 அளவைக் கூட்டுவதற்காக ஈரல் எண்ணெய் மாத்திரையை இரண்டு, மூன்று என்று போடக் கூடாது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கிறது. அதற்குமேல் ஈரல் எண்ணெய் கொடுக்க நினைப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டாம். சாப்பாட்டோடு, கொஞ்சம் எண்ணெயோ கொழுப்போ உள்ள வேளையில் போட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், ஏப்பத்தில் மீன் மணமும் குறையும். சின்ன டப்பாவாக வாங்குங்கள். காலாவதி தேதி தூரத்தில் இருக்கட்டும். நிழலில், குளிர்ச்சியில் வையுங்கள்.

அளவு கூடினால் நல்லது கூடும் என்றும் நினைக்க வேண்டாம். நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குமேல் போகும்போது, இதயத் துடிப்பு தாறுமாறாகும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' வரும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2023இல் ஐரோப்பிய மருந்து முகமை, ஒமேகா 3 மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி வைத்திருப்பவர்கள் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். ஆரம்பித்தாலும், மருத்துவர் கொடுத்த எந்த மாத்திரையையும் இதற்காக நிறுத்த வேண்டாம்.

*

கடைசியாக விலைக் கணக்கு. டப்பா விலையை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. உள்ளே இருக்கும் சரக்கின் கிராம் விலையைப் பாருங்கள். பெரியம்மா வாங்கியதில் 60 மாத்திரை, ஒவ்வொன்றிலும் 300 மி.கி. மொத்தம் 18 கிராம். விலை 1,800. ஆக ஒரு கிராம் 100 ரூபாய். மருந்துக் கடையில் நாங்கள் பார்த்த வேறொரு டப்பாவில் 60 மாத்திரை, ஒவ்வொன்றிலும் 500 மி.கி. மொத்தம் 30 கிராம், விலை 900. ஒரு கிராம் 30 ரூபாய்.

அதே வாரம் மத்தி கிலோ 160 ரூபாய்க்கு விற்றது. தலை, குடல் போக 600 கிராம் சதை என்று வைத்துக்கொள்வோம். மத்தியில் எண்ணெய் பருவத்துக்குப் பருவம் மாறும். 100 கிராம் சதைக்கு ஒரு கிராம் என்று வைத்தாலும் 6 கிராம் கிடைக்கிறது. ஒரு கிராம் ஏறத்தாழ 27 ரூபாய். கூடவே புரதம் இருக்கிறது, முள்ளோடு மென்று தின்கிற பொடிமீனாக இருந்தால் கால்சியம் இருக்கிறது, ஒரு வேளைச் சோறும் முடிகிறது. 100 கிராம் வீதம் வாரம் இரண்டு நாள் தின்றால், தினக் கணக்கில் 280 மி.கி.க்கு மேல். நிபுணர் குழு சொன்ன 250ஐத் தாண்டிவிட்டது.

மத்தி, சாளை, ஊருக்கு ஒரு பெயர். கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகியவையும் நல்லவையே. வஞ்சிரம்தான் சத்து என்பது விலையைப் பார்த்து வந்த நினைப்பு. பொடிமீன் உணவுச் சங்கிலியின் அடியில் இருப்பதால் பாதரசமும் குறைவு. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது நல்லது. கருவாடு ருசிதான், ஆனால் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையே மீனுக்கு மாற்றாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, விலை ஏறும். யாராவது மாத்திரைதான் வாங்குவேன் என்றால் அந்த இரண்டு மாதத்துக்கு வாங்கட்டும்.

கொழுப்புள்ள, விலை குறைந்த, எளிய மக்களின் மீன் என்று ஏளனமாகப் பார்க்கப்பட்டது இந்த மத்தி. நம் பாட்டிமார் எந்த ஆய்வும் படிக்காமல் இதைத்தான் வாங்கினார்கள். அவர்கள் தேர்வில் பிழையில்லை. அதைச் சமைக்க விடாத வீடுதான் பெரியம்மாவை அந்த டப்பாவிடம் தள்ளியது.

*

அன்றைக்கே பெரியம்மாவை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். மூன்று பேரும் கூட நின்றதால் இரண்டு நிமிடம் பத்து நிமிடமானது. ரத்தம் எடுத்தார்கள். போன வருடம் 78ஆக இருந்த எல்.டி.எல். 148ஆக ஏறியிருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது 70க்குக் கீழே இருக்க வேண்டும். மருத்துவர் சத்தம் போடவில்லை. "ஆஸ்பிரினை நிறுத்தி அம்பது நாள் ஒண்ணும் ஆகலன்னா, அது உங்க அதிர்ஷ்டம்மா. இன்னொரு தடவ அதிர்ஷ்டத்த நம்பாதீங்க" என்றார். மீன் எண்ணெய் வேண்டுமா என்று கேட்டோம். வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிட முடிந்தால் வேண்டாம் என்றார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 81. இன்னும் இறங்க வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

விற்ற பெண் மூன்றாவது டப்பாவோடு வந்தபோது பெரியம்மா அவரை உட்கார வைத்து டீ கொடுத்திருக்கிறார். பிறகு, "இதுல இ.பி.ஏ. எவ்ளோ, டி.எச்.ஏ. எவ்ளோ, கூட்டிச் சொல்லு பாப்பா" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த வாரம் அவரே எங்கள் மையத்துக்கு வந்தார். கையில் விற்காத பதினோரு டப்பாக்கள். அவற்றைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்க முடியுமா என்று நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

புதனும் ஞாயிறும் பெரியம்மா டவுனிலிருந்து பஸ் ஏறி வருகிறார். மையத்தின் பின்பக்கம் அடுப்பு மூட்டி மத்திக் குழம்பு வைக்கிறார். மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு தூக்கில் ஊற்றி, இறுக மூடி, பையில் வைத்து எடுத்துப் போகிறார். மாடியேறும்போது வாடை வராமல் இருக்க மூடியைச் சுற்றித் துணி கட்டுகிறார். மருந்தின் அளவையும் மாத்திரையின் தரத்தையும் நாங்கள் கற்றுக்கொண்டுவிட்டோம். அந்தத் துணியை அவிழ்க்கிற வேலை அப்படியே இருக்கிறது. மீன் வைக்கலாம் என்று சொல்கிற வீடு டவுனில் எங்காவது இருந்தால் சொல்லுங்கள். மகன் தேடிக்கொண்டிருக்கிறார்.